நாலாம் நாள்தான் சூரியன் எண்டா, முதல் மூண்டு நாளும் எப்பிடி விடிஞ்சது?

உப்புவெளி அம்மா:
ஞாயிறு பாடசாலையில படிப்பிக்கிறன். போன கிழமை வேதாகமத்தில ஆதியாகமம் முதலாம் அதிகாரம், கடவுள் ஆறு நாளில உலகத்தைப் படைச்ச கதை. தலைப்பில இருக்கிறது என்ர மகன் எழும்பிக் கேட்ட கேள்வி. அங்க நிண்ட பெரியவர் ஒருத்தர் "வேதத்தைக் கேள்வி கேக்கப்படாது" எண்டு அதட்டிப்போட்டார். பிள்ளை வீட்டை வந்தும் கதைக்கேல்ல. பத்து வயசு. அவனுக்கு என்ன சொல்ல?

நிலாவெளித் தம்பி:
அக்கா, ஒரு நாள் எண்டா ஒரு யுகம் எண்டு சொல்லுங்கோ. சங்கீதம் 90இல ஆயிரம் வருஷம் நேற்றுக்கழிந்த நாள்போல எண்டு இருக்குத்தானே.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்:
தம்பி, அதால சரிவராது. யுகமெண்டு வைச்சாலும் மரஞ்செடி மூண்டாம் நாள், சூரியன் நாலாம் நாள். பறவை ஐஞ்சாம் நாள், ஊருற பிராணி ஆறாம் நாள். பாறையில கிடைக்கிற எலும்போ ஊர்வன முந்தி, பறவை பிந்தி எண்டு காட்டுது.

தங்கச்சி, மகன்ர கேள்விக்கு 1,800 வருஷ வயசு. அலெக்சாந்திரியாவில ஓரிகன் எண்ட வேத பண்டிதர் இதையேதான் கேட்டவர். அதை முதல்ல பிள்ளைக்குச் சொல்லுங்கோ. பிறகு 16ஆம் வசனத்தைக் காட்டுங்கோ: "பெரிய சுடர்", "சிறிய சுடர்". சூரியன், சந்திரன் எண்ட பேரே இல்லை! பாபிலோனும் எகிப்தும் சூரியனைத் தெய்வமாக் கும்பிட்ட காலம். அது தெய்வமில்லை, கடவுள் ஏத்தின விளக்கு எண்டுதான் அந்த அதிகாரம் சொல்லுது. எத்தனை மணித்தியாலம் எண்டது அதின்ர கவலையில்லை. 2:4இல முழுப் படைப்பையும் "உண்டாக்கின நாளில்" எண்டு ஒரே நாளுக்குள்ள சொல்லுது, பாருங்கோ.

பூமியின்ர வயசைக் கல்லிட்டைக் கேக்கட்டும். கோணேசர் மலைக்குக் கூட்டிப் போங்கோ. பாறை உடைஞ்ச இடத்தில கற்கண்டு உடைச்ச மாதிரி மினுங்கும். குவார்ட்சைட். ஒரு காலம் வெறும் மணல். ஆழத்தில புதைஞ்சு, வெந்து, இறுகிக் கல்லாகி 50 கோடி வருஷத்துக்கு மேல.

பாலையூற்றான்:
ஐயா சொல்றது சரி. பிரபஞ்சம் எப்பிடித் தொடங்கினது எண்டு சொல்ற பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு அடி போட்ட லெமைத்ர் எங்கட கத்தோலிக்கக் குருவானவர். 1951இல பாப்பரசர் அந்தக் கோட்பாட்டைப் படைப்போட சேர்த்துப் பேசினது லெமைத்ருக்கே பிடிக்கேல்ல.

உப்புவெளி அம்மா:
நேற்றுப் பின்னேரம் போனம். கல்லைத் தடவித் தடவிப் பாத்தான். "அப்ப இந்த மணல் எங்கயிருந்து வந்தது?" எண்டான். அதைவிடப் பழைய மலை ஒண்டு கரைஞ்சு வந்திருக்கும் எண்டன். கோட்டை வாசல் வரைக்கும் வாய் ஓயேல்ல. வாற ஞாயிறு ரெண்டாம் அதிகாரம். நாலாம் வசனத்தை அவனையே வாசிக்க விடப்போறன்.