அம்பாசிடர் 1489 எஞ்சின்: போர் 20 தௌ போதுமா, நேராக 40 போய்விடலாமா?

வில்லியனூர் மார்க்3

வணக்கம் நண்பர்களே. பெரியப்பாவின் 1977 மார்க் 3 அம்பாசிடர் ஆறு வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது, பொங்கல் முடிந்ததும் நான் எடுத்துக்கொண்டேன். ஸ்டார்ட் ஆனது, ஆனால் பின்னால் கொசு மருந்து வண்டி மாதிரி நீலப்புகை, திண்டிவனம் போய்த் திரும்புவதற்குள் ஆயில் ஸ்டிக்கில் ஒன்றுமே ஒட்டவில்லை. எஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டோம்.

பிஸ்டன் எல்லாம் ஸ்டாண்டர்ட் சைஸ், இதுவரை போர் போட்டதில்லை, அதாவது சிலிண்டர் ஓட்டையைப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டதில்லை. புது சிலிண்டரின் விட்டம் 73.02 மி.மீ. என்று கணக்கு வைத்து போர் கேஜில் மேல் ரிங் ஓடும் இடத்தில் பார்த்தால் தேய்மானம்: ஒன்றாம் சிலிண்டர் 0.17, இரண்டு 0.20, மூன்று 0.19, நான்கு 0.31. நான்கில் ஒரு நீளக் கீறலும் இருக்கிறது, நகம் மாட்டுகிறது.

மெக்கானிக் "நேரா 40 போட்டுரலாம், பிக்கப்பும் ஏறும், இனிமே யாரு பிரிக்கப் போறா" என்கிறார். இன்னொருவர் 20 போதும் என்கிறார் (எல்லாம் தௌ கணக்கு, அதாவது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அப்பாவோ ரிங் மட்டும் மாற்றி ஓட்டு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

போரிங் பட்டறை, விழுப்புரம் ரோடு

தம்பி, அப்பா சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். 0.31 தேய்ந்த ஓட்டையில் புது ரிங் போட்டால் நாலு மாதத்தில் மறுபடி புகை. மேலே தேயாமல் நிற்கும் விளிம்பில் புது ரிங் மோதி உடைந்தாலும் உடையும்.

இப்போது 20-க்கு வருவோம். 20 தௌ என்றால் 0.50 மி.மீ., தேய்மானம் 0.31தானே, தாராளமாக அடங்கிவிடும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். அங்கேதான் தப்பு. சிலிண்டர் வட்டமாகத் தேயாது, வெடிக்கும்போது பிஸ்டன் எந்தப் பக்கம் சாய்ந்து தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் அதிகம் தின்னும். அந்த 0.31 முழுவதும் ஒரே பக்கம் என்று வையுங்கள். பழைய மையத்திலேயே நிறுத்தி வெட்டினால் அந்தப் பக்கம் 0.31 எடுத்தாக வேண்டும், எதிர்ப்பக்கமும் அதே 0.31 போகும், விட்டத்தில் 0.62 ஆயிற்று. 20-இல் உங்கள் நான்காம் சிலிண்டர் சுத்தமாகாது, ஒரு பக்கம் பழைய கறுப்புத் திட்டு அப்படியே நிற்கும். 30 தௌ என்றால் 0.76, அதில் அடங்கும், கீறல் ரொம்ப ஆழம் இல்லை என்றால் அதுவும் போய்விடும். மற்ற மூன்றும் 20-இலேயே சுத்தமாகும் என்பது வேறு விஷயம்.

மையத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து 20-இலேயே சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் போரின் அச்சு நகர்ந்துவிடும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கே வைத்து மையம் பிடிப்பீர்கள் என்று பட்டறையில் கேளுங்கள், ரிங் போகாத அடிப்பகுதியில் என்று பதில் வந்தால் பிளாக்கை இறக்குங்கள். ஓட்டை கடையும் போரிங் பார் நிற்பது பிளாக்கின் மேல்தளத்தில், அதனால் தளம் வளைந்திருக்கிறதா என்று முதலில் ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிக்கப் கதைக்கு: 40 போட்டால் 1489 சி.சி. 1531 ஆகும். 42 சி.சி., சின்ன டீ கிளாஸில் பாதி. அதற்காக இரும்பை வீணாக்க வேண்டுமா?

அம்பி60

என் வண்டி 60 தௌவில் ஒன்பது வருடமாக ஓடுகிறது, ஹீட் ஆனதே இல்லை. 40-க்கு இவ்வளவு பயம் தேவையா?

சிப்காட் நைட் ஷிப்ட்

பயம் தௌவைப் பார்த்து இல்லை அண்ணே, சுவரைப் பார்த்து. உங்கள் பிளாக்கில் சுவர் இருந்தது, ஓடுகிறது. இவருடையதில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? நம் கடலோரத்தில் ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் டீ போட்டாலே கரிக்கும், அதைத்தான் தாத்தா காலத்திலிருந்து காருக்கும் ஊற்றினோம். உள்ளே பிஸ்டன் தேய்க்கிறது, வெளியே உப்புத்தண்ணீர் அரிக்கிறது. அதிலும் பம்ப் முன்னால் இருப்பதால் சேறும் துருவும் பொதுவாகப் பின்னால்தான் தங்கும், அதாவது உங்கள் நான்காம் சிலிண்டரைச் சுற்றி. அது மட்டும் அதிகம் தேய்ந்ததற்கு அந்தச் சூடுகூடக் காரணமாக இருக்கலாம். பிளாக்கில் தண்ணீர் ஓடும் வழியை அடைத்திருக்கும் பக்கவாட்டுத் தகர பிளக்குகளைக் கழற்றிக் கம்பி விட்டுக் கிளறுங்கள்.

கடலூர் சிப்காட்டில் பைப் சுவர் எவ்வளவு அரித்திருக்கிறது என்று அல்ட்ராசோனிக் கேஜ் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. அதே கேஜில் சிலிண்டர் சுவரையும் உள்ளிருந்து அளக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஸ்டீல் செட்டிங்கில் அளக்காதீர்கள். வார்ப்பிரும்பில் ஒலி மெதுவாகப் போகும், அதனால் கேஜ் உண்மையைவிடத் தடிமனாகக் காட்டி ஏமாற்றும். ஏதாவது பழைய பிளாக் துண்டைக் கேலிப்பரில் அளந்து, அதற்குத் தகுந்த மாதிரி கேஜைத் திருத்திக்கொண்டு அப்புறம் அளக்க வேண்டும்.

போரிங் பட்டறை, விழுப்புரம் ரோடு

சரியாகச் சொன்னார். என் கணக்கில், வெட்டியபின் தள்ளும் பக்கம் 3 மி.மீ.க்குக் கீழே போகும் என்றால் போரை மறந்துவிட்டு அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ் (உள்ளே இறுக்கும் புது இரும்புக் குழாய்) போட்டு, நாலையும் 20-இல் நிறுத்துவேன். ஒரு சிலிண்டரில் ஸ்லீவ் போடுவது அவமானம் இல்லை. ஆனால் நாலு பிஸ்டனும் ஒரே சைஸ், ஒரே செட்டாக இருக்கட்டும், எடை மாறினால் எஞ்சின் உதறும்.

இன்னொன்று, பிஸ்டன் கைக்கு வராமல் பிளாக்கைத் தொடாதீர்கள். 30 வெட்டிவிட்டு சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்து, கடைசியில் 40தான் கிடைத்தது என்று திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் பிஸ்டனின் பாவாடையை, அதாவது ரிங்குக்குக் கீழே உள்ள பக்கச் சுவரை, பிஸ்டன் பின்னுக்கு (ராடோடு இணைக்கும் உருளைக்கு) குறுக்காக மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தந்த பிஸ்டனுக்கு அந்தந்த ஓட்டை என்று நம்பர் போட்டுத்தான் ஹோன் பண்ண (கல்லால் தேய்த்துக் கடைசி அளவுக்குக் கொண்டுவர) வேண்டும்.

வில்லியனூர் மார்க்3

பதில் தாமதம், மன்னிக்கவும். சிப்காட் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கேஜோடு வீட்டுக்கே வந்துவிட்டார் (அம்மா வஞ்சிர மீன் குழம்பு வைத்ததைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்). பிளக்கைக் கழற்றியதும் நான்காம் சிலிண்டர் பக்கம் அரை டம்ளர் செம்மண் மாதிரி துருச் சேறு வந்தது. ஸ்டீல் செட்டிங்கில் வேண்டுமென்றே ஒருமுறை வைத்துக் காட்டினார், தள்ளும் பக்கம் 5.9 மி.மீ. உடைந்த பிளாக் துண்டை வைத்துத் திருத்தியபின் அதே இடம் 4.6. 30 தௌவுக்குப் பக்கத்துக்கு முழு 0.38 போனாலும் 4.2 நிற்கும். ஸ்லீவ் வேண்டாம், 30 என்று முடிவு. செட் ஒன்று ஜி.பி. ரோட்டில் இருக்கிறதாம், சனிக்கிழமை போகிறேன். ரிங்கின் இரண்டு முனைக்கு நடுவே இடைவெளி எவ்வளவு வைக்க?

போரிங் பட்டறை, விழுப்புரம் ரோடு

ஒரு இஞ்ச் போருக்கு 4 தௌ என்று வையுங்கள், உங்களுக்குப் பதினொன்று பன்னிரண்டு தௌ வரும். ரிங் பெட்டிக்குள் சீட்டு இருந்தால் அதில் உள்ளதே கணக்கு. ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜில் பாருங்கள்.

ஹோன் முடிந்ததும் பெட்ரோலில் துடைத்து விட்டுவிடாதீர்கள், கல்தூள் கீறலுக்குள்ளேயே இருக்கும். சோப்புத்தண்ணீர், பிரஷ், வெள்ளைத்துணி கறுக்காமல் வரும் வரை. காய்ந்த கையோடு ஆயில் தடவுங்கள், உங்கள் ஊர்க் காற்றுக்கு மதியச் சாப்பாடு முடிந்து வருவதற்குள் துரு பூத்திருக்கும்.

வில்லியனூர் மார்க்3

சரி அண்ணே. அப்பா இன்னும் ரிங் மட்டும் மாற்றியிருக்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.