சைனீஸ்ல தீசிஸ் எழுதுன அனுபவம், உங்களோடதும் சொல்லுங்க

எச்எஸ்கே (வெளிநாட்டுக்காரங்களுக்கான சைனீஸ் மொழிப் பரீட்சை) ஆறாவது லெவல் பாஸ் பண்ணிட்டோம், இனி சைனீஸ்ல பேப்பர் எழுதுறதுல என்ன இருக்குன்னு சீனாவுக்கு மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்பி வர்றவங்களை வருஷா வருஷம் பாக்குறேன், அவங்களுக்காகத்தான் இது. அந்தப் பரீட்சைல ரைட்டிங் எப்படின்னா, ஆயிரம் எழுத்துல ஒரு கதை குடுத்து 10 நிமிஷம் படிக்கவிட்டு பேப்பரை வாங்கிடுவாங்க, அப்புறம் 35 நிமிஷத்துல சுமார் 400 எழுத்துல அதையே சுருக்கி எழுதணும், சொந்தக் கருத்து ஒண்ணுகூட வரக்கூடாது. தீசிஸ் அப்படியே தலைகீழ். இதுக்கு முன்னாடி எழுதுனவங்க என்ன சொன்னாங்க, நீ எந்த இடத்துல அவங்ககிட்ட இருந்து விலகுறன்னுதான் கேப்பாங்க. 2022 நவம்பர்ல ஆரம்பிச்ச ஏழு-ஒன்பது லெவல் பரீட்சைல சார்ட் பாத்து எழுதுறது, 600 எழுத்துல கட்டுரைன்னு இருக்கு, கொஞ்சம் தேவலாம், ஆனா அதுலயும் ரெஃபரன்ஸ் வச்சு வாதாடுற வேலை கிடையாது.

நான் படிச்சது சைனீஸ் மீடியம். க்ளாஸ்ல பிரசன்டேஷன், ஹாஸ்டல்ல அரட்டை, ஆன்லைன்ல வாங்குன பொருள் வரலைன்னா சண்டை, எல்லாமே சைனீஸ்லதான். ஆனா எங்க பேட்ச்ல எந்த வெளிநாட்டு ஸ்டூடண்டோட டிராஃப்டை ஓபன் பண்ணாலும் ஓரத்துல ஒரே கமெண்ட்தான் வரிசையா நிக்கும், "தாய் கோயூ", ரொம்ப பேச்சு வழக்கா இருக்குன்னு. ஒரு உதாரணம் சொல்றேன். "வோ ஜுயெதெ ஜெகெ பான்ஃபா ஹென் ஹாவ், தான்ஷி யோ வென்தி", அதாவது இந்த வழி நல்லாருக்குன்னு நினைக்கிறேன், ஆனா பிரச்சினை இருக்கு. இலக்கணத்துல ஒரு குறையும் இல்ல. வாத்தியார் அதை அடிச்சிட்டு மேல எழுதுனது "கய் ஃபாங்ஃபா ஜுயூ யீதிங் யோஷி, ரான்அர் ரெங் த்சுன்த்சாய் புத்சு". நான்ங்குறது காணோம், நினைக்கிறேன்ங்குறது காணோம், அந்த முறைக்கு ஓரளவு சாதகம் உண்டு, எனினும் குறைகள் உள்ளனங்குற மாதிரி ஆகிப்போச்சு. வார்த்தை மாத்துறது மட்டும் இல்லைங்க, தாளமும் மாறும், ரெண்டு அசை வினை வந்தா அதுக்குப் பக்கத்துல ரெண்டு அசை சொல்லுதான் உக்காரும், ஒரு அசை சொல்லை வச்சா நொண்டும். ஃபெங் ஷெங்லீன்னு ஒரு மொழியியல் பேராசிரியர் இந்தத் தாளத்தைப் பத்தி நிறைய எழுதியிருக்கார், அவரைப் படிச்சப்புறம்தான் வாத்தியாருங்க ஏன் காதால திருத்துறாங்கன்னு புரிஞ்சது.

இதுல நமக்கு ஒரு அட்வான்டேஜ் இருக்கு. வீட்ல ஒரு தமிழ், மேடையில ஒரு தமிழ்னு வளந்தவங்க நாம, அதனால பேசுற மாதிரி ஏன் எழுதக்கூடாதுன்னு கேக்கவே தோணாது. கூடப் படிச்ச ஒரு அமெரிக்கப் பையன் அதைக் கேட்டு கேட்டே ஒரு செமஸ்டரை ஓட்டுனான்.

எனக்கு உதவுனது என்னன்னா ஜிவாங்ல இருந்து (சீன ஜர்னல்ல பெரும்பாலானது இருக்குற டேட்டாபேஸ்) என் சப்ஜெக்ட் பேப்பருங்களை எடுத்து, விஷயத்துக்காக இல்லாம வாக்கியத்துக்காகப் படிச்சது. முன்னாடி வந்த ஆய்வை எப்படி அறிமுகப்படுத்துறாங்க, பெரிய ஆளோட கருத்தை மனசு நோகாம எப்படி மறுக்குறாங்க, தன்னோட ஆய்வுல இருக்குற குறையை எப்படி ஒத்துக்குறாங்கன்னு நோட்டுல தனித்தனியா எழுதி வச்சுக்கிட்டேன். மறுக்குற பக்கம்தான் ரொம்ப மெதுவா நிரம்புச்சு, சைனீஸ் பேப்பர்ல யாரும் நேரா தப்புன்னு சொல்றதில்ல, "இன்னும் ஆராய வேண்டியிருக்கு"ன்னு ஒரு வரி வந்தாலே அடி விழுந்துருச்சுன்னு அர்த்தம். ஆனா அப்படியே எடுத்துப் போட்டா ச்சாச்சோங்ல, அதான் காப்பி செக்கிங்ல, மாட்டிக்குவீங்க, எத்தனை பர்சன்ட் வரைக்கும் விடுவாங்கங்குறது ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கும் வேற. இப்ப ஏஐ எழுதுனதான்னு பாக்குற செக்கிங்கும் பல இடத்துல வந்துருச்சு.

காப்பில இன்னொரு கூத்தும் உண்டு. சீன ஆய்வாளருங்க சீனாவை "வோகுவோ", நம்ம நாடுன்னு எழுதுவாங்க. ஜூனியர் ஒருத்தர் அதைப் பாத்து அப்படியே எழுத, காய்தில (தலைப்பு அனுமதிக்கிற மீட்டிங்) ஒரு ப்ரொஃபசர் எந்த நாடும்மான்னு கேக்க, ரூமே சிரிச்சுது. அதே மாதிரி முந்தைய ஆய்வுகளைச் சொல்ற பகுதியை உள்நாடு, வெளிநாடுன்னு ரெண்டாப் பிரிக்கிறது அங்க வழக்கம், இந்தியாவுல வந்த ஆய்வெல்லாம் வெளிநாட்டுப் பக்கம் போகும், எழுதுறது இந்தியனா இருந்தாலும்.

ஃபார்மட் பத்தி அதிகம் சொல்லல, டெம்ப்ளேட் குடுப்பாங்க, சோங்தி ஃபான்ட், "ஷியாவ்சு" சைஸ்னா 12 பாயின்ட், பாரா ஆரம்பத்துல ரெண்டு எழுத்து இடம். ரெஃபரன்ஸ் ஜிபி/டி 7714ங்குற சீனத் தேசியத் தர முறை, அதுல குடும்பப் பெயர் முன்னாடி வரணும், நம்மாளுங்க பேப்பரை மேற்கோள் காட்டும்போது எது குடும்பப் பெயர்னு நாமளே முழிக்கணும், அப்பா பேர்தான் அந்த இடத்துல போய் உக்காரும்.

*

நான் யாழ்ப்பாணம், இப்ப வூஹான்ல பிஎச்டி, எஞ்சினியரிங், இங்கிலிஷ் மீடியம். தீசிஸ் இங்கிலிஷில எழுதலாம், ஆனா சுருக்கம் சைனீஸில இருக்கவேணும் எண்டு வெளிநாட்டு மாணவருக்கான சீன அரசின்ர 2017 விதியிலயே இருக்கு, அது எனக்கு வந்து ஒரு வருசத்துக்குப் பிறகுதான் தெரியும். பட்டத்துக்கு எச்எஸ்கே மூண்டு இருந்தாக் காணும், அந்தச் சைனீஸை வச்சு மரக்கறி வாங்கலாம், சுருக்கம் எழுதேலாது. மெஷின் மொழிபெயர்ப்பில போட்டுக் குடுத்தா லேபில இருக்கிற சீனப் பெடியன் வாசிச்சிட்டு, விளங்குது, ஆனா ஒருத்தரும் இப்பிடி எழுதமாட்டினம் எண்டு சொன்னவன். அவனோட பக்கத்தில இருந்து ஒவ்வொரு வசனமா மாத்தினது. நீங்கள் சொன்ன அந்த நோட்டில சுருக்கத்துக்கு ஏதும் இருந்தா போடுங்கோ.

*

மலேசியாலேர்ந்து. சீனப்பள்ளியில படிச்ச தமிழ்ப்பிள்ள நான், அதனால மண்டரின் பிரச்சினையே இல்லன்னு எல்லாரும் நினைப்பாங்க. பள்ளியில கட்டுரைக்கு மார்க் வேணும்னா செங்யூ மனப்பாடம் பண்ணணும், நாலெழுத்து மரபுத்தொடர், எவ்வளவு அதிகமா சொருகுறோமோ அவ்வளவு நல்லது. தைவான்ல டிகிரி படிக்கப் போனா பேராசிரியர் அதையெல்லாம் வட்டம் போட்டு, அலங்காரம் வேணாம் ஆதாரம் எங்கன்னாரு. அதோட பழைய முறை எழுத்து வேற, மேற்கோள் குறியும் வேற, சீனாவுல தாபியன்னு சொல்ற வைவாவ அங்க கோவ்ஷின்னு சொல்வாங்க. செங்யூ குறைக்கறதுதான் எனக்குக் கஷ்டம், கை பழகிப்போச்சு.

*

யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு: சுருக்கத்துல நோக்கம், முறை, முடிவுன்னு வரிசையா போங்க, மேற்கோள், படம் எதுவும் வேணாம். "பென்வென்", இந்தக் கட்டுரைன்னு ஆரம்பிக்க வேணாம்னு ஜிபி 6447ங்குற, சுருக்கம் எழுதுறதுக்கான சீனத் தேசியத் தரத்துல சொல்லியிருக்கு, ஆனா ஜிவாங்ல தேடுனா ஏகப்பட்ட பேர் அப்படித்தான் ஆரம்பிச்சிருக்காங்க. உங்க சூப்பர்வைசர் எழுதுன பேப்பரோட சுருக்கங்களை எடுத்துப் பாருங்க, அவர் அதை எழுதியிருந்தா நீங்களும் தைரியமா எழுதுங்க.