தொப்பூர் என்று கேட்டாலே கை வேர்க்கிறது. இதைப் போய் 'ஏற்றுக்கொள்' என்கிறார்கள்

காவேரிப்பட்டணத்துக்காரன்:
சேலத்துக்கு மாங்காய் லோடு அடிக்கிறேன். இரண்டு வருடம் முன்பு தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எனக்கு முன்னால் போன லாரி கவிழ்ந்தது. நூலிழையில் ஒதுக்கித் தப்பித்தேன். அதிலிருந்து தருமபுரியில் திரும்பி அரூர், மஞ்சவாடி வழியாகத்தான் போகிறேன். டீசல் கூட. வீடு வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மஞ்சவாடியும் கணவாய்தான், அங்கே பயமே இல்லை! ஆனால் வீட்டில் படுத்திருக்கும்போது செய்தியில் 'தொப்பூர்' என்றால் போதும், கை ஈரமாகிவிடும். மனநல ஆலோசனைக்குப் போனால் அங்கிருந்தவர் "பயத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார். அப்போ பயந்துகொண்டே சாகணுமா?

ஓசூர் ஆலோசகர்:
அண்ணா, அந்தச் சொல் நிறையப் பேரைக் கடுப்பேற்றும். பயம் சரிதான் என்று ஒப்புக்கொள்வது இல்லை அது. பயத்தை விரட்டும் வேலையை விட்டுவிட்டு, அது கூடவே இருக்க, வேண்டியதைச் செய்வது.

நீங்களே விடை சொல்லிவிட்டீர்கள், மஞ்சவாடி! உங்களை மிரட்டுவது கணவாய் இல்லை, 'தொப்பூர்' என்கிற பெயர். அடிபட்ட நாய் அந்த இடத்துக்குப் போனால்தான் மிரளும். நமக்குப் பெயரே போதும். சொல்லும் பொருளும் மனதில் ஒட்டிக்கொள்வதால் படுக்கையறைக்கே கணவாய் வந்துவிடுகிறது. ஆக்ட் (ACT, ஏற்பு மற்றும் உறுதிப்பாட்டுச் சிகிச்சை) என்கிற இந்த மனநலச் சிகிச்சையை வளர்த்த ஸ்டீவன் ஹேய்ஸ் மொழியைத்தான் குறிவைத்தார். 1999இல் ஸ்ட்ரோசால், வில்சனுடன் சேர்ந்து புத்தகமாக்கினார். அவருக்கே பீதித் தாக்குதல் வந்திருக்கிறது.

'தொப்பூர்' என்று அரை நிமிடம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். பழைய பயிற்சிதான், சொல் வெறும் சத்தமாகத் தெரிவதற்காக.

இன்னொன்று, அரூர் வழியே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அரூரில் லோடு இறக்க இருந்தால் அது தொழில். தொப்பூரிலிருந்து ஓட என்றால், அதே ரோடு வேறு வேலை செய்கிறது. பிள்ளைகள் தூங்குவதற்குள் வீடு சேரணும் என்பதுதானே உங்களுக்கு முக்கியம்?

பென்னாகரம் அக்கா:
எல்லாம் சரி தம்பி, தொப்பூர் நிஜமாவே ஆபத்தான இடம். மனசை மட்டும் சரிசெய்துகொண்டு பிரேக்கைப் பார்க்காமல் இறங்கிவிடப் போகிறார்! கியரைக் குறைத்து இறங்கச் சொல்லுங்கள்.

ஓசூர் ஆலோசகர்:
நூற்றுக்கு நூறு அக்கா. பிரேக் சோதிப்பது பயம் இல்லை, ஓட்டுநர் வேலை.

காவேரிப்பட்டணத்துக்காரன்:
சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா பேய் பிடித்துவிட்டது என்று பார்த்தாள். சின்னவன் கூடச் சேர்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் 'பூர்தொப் பூர்தொப்' என்று ஆகிவிட்டது, ஊர்ப் பெயராகவே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலி வண்டியோடு இரண்டாவது கியரில் இறங்கினேன். கை வேர்க்கத்தான் செய்தது. துண்டை ஸ்டியரிங்கில் சுற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு சந்தேகம்: ஓட்டும்போதும் அதைச் சொல்லிக்கொண்டே போகலாமா?

ஓசூர் ஆலோசகர்:
வேண்டாம் அண்ணா. ஓட்டும்போது ரோட்டைப் பாருங்கள்.