புதுப்பிப்பு: கழுத்தில் கண்ணாடி குத்திய காயம் – ஆஞ்சியோகிராமில் தெரிந்தது

கடலூர் முதுநகரில் உள்ள பட்டறையில் கண்ணாடிச் சில்லு என் தம்பியின் இடப்பக்கக் கழுத்தில் குத்தியதையும், இரத்தம் நின்றுவிட்டதால் தையல் போட்டு அனுப்பிவிடலாம் என்று முதலில் பார்த்த இடத்தில் சொன்னதையும் இங்கே எழுதிக் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தோலுக்கு அடியிலுள்ள பிளாட்டிஸ்மா தசையைக் காயம் தாண்டியிருந்தால் வெளித்தோற்றத்தை நம்பாமல் சி.டி. ஆஞ்சியோகிராம் (மருந்து செலுத்தி இரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுக்கச் சொல்லுங்கள் என்று செவிலியரான அக்கா ஒருவர் எழுதிய யோசனைதான் கைகொடுத்தது.

அன்றிரவே புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றோம். பெருகிவரும் வீக்கம், பீறிடும் இரத்தம், பக்கவாத அறிகுறி ஆகியவற்றில் ஏதேனும் இருந்திருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமல் நேரே அறுவை அரங்குக்குக் கொண்டுபோயிருப்போம் என்றார் மருத்துவர். எல்லோரும் பயந்த, கழுத்தின் முன்பக்கம் வழியே மூளைக்குச் செல்லும் கரோட்டிட் தமனிக்கு ஒன்றுமில்லை. ஆனால், நாங்கள் சற்றும் எதிர்பாராத விதமாக, கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் வெர்டிப்ரல் தமனியின் சுவர் கிழிந்து, அதைச் சுற்றி இரத்தம் பைபோலத் தேங்கியிருந்தது. (எலும்புக்குள் மறைந்து செல்லும் இந்தத் தமனியின் காயம், ஒலி அலைகளால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தப்பிவிடக்கூடும்; டாப்ளரே போதும் என்று அன்று வாதாடியவன் நான்தான்.) வலப்பக்கத்தில் உள்ள இதே தமனி நன்றாக இயங்குவதை உறுதிசெய்துகொண்ட பிறகு, தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, உலோகச் சுருள்களால் கிழிந்த தமனியை அடைத்துவிட்டார்கள். கழுத்தைத் திறக்கவே இல்லை.

உணவுக்குழாயில் ஓட்டை இல்லை என்று பார்த்த பின்பே கஞ்சி கொடுத்தார்கள். ஆறாம் நாள் வீடு திரும்பினான். மறு ஸ்கேனுக்கு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.