தம்பி பொண்ணு

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு நாலு வயதில் அப்பா போய்விட்டார். வளர்த்தது பெரியப்பா. யார் கேட்டாலும் என்னைத் "தம்பி பொண்ணு" என்பார். பொய்யில்லைதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று இருக்கும்.

அவருக்கு நுரையீரலில் புற்று. ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு பாலியேட்டிவ் சிஸ்டர்தான், அதாவது தீராத நோயில் வலி தணித்துப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ், வீட்டுக்கு வந்து பார்த்தார். (2008-இலேயே இதற்கென்று கொள்கை வகுத்த முதல் மாநிலம் கேரளம். பொள்ளாச்சியில் இருக்கும் என் நாத்தனார் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவாள்.) நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் வலிக்கு மார்ஃபின் மாத்திரை. படுக்கும்போது மட்டும் இரண்டு, நடுராத்திரி எழுப்ப வேண்டாமே என்று.

ஒருநாள் புதிதாக வந்த சிஸ்டர் நோட்டில் எழுதிக்கொண்டே என்னைக் காட்டி, "இது ஆரா?" என்றார்.

"என்டெ மோளா."

நான் கஞ்சி டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். பெரியப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. அப்புறம் ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புப் பத்தல" என்றார்.

'என் மகள்' என்று முப்பத்தைந்து வருஷமாக என்னிடம் தமிழில் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருத்தரிடம் மலையாளத்தில்! செய்ததெல்லாம் பாசம்தானே, வாயால் வேறு சொல்லணுமா என்பார்கள். சொல்லணும் என்பேன் நான். அதன் பிறகு பதினொரு நாள் இருந்தார். மாத்திரை வேலை செய்து வலி அடங்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் உட்காருவேன். பால் சொசைட்டிக் கணக்கைத்தான் பேசினார்.

*

ஆந்திரத்து நகரியிலிருந்து ஒரு பதில்: சொன்னாலும் வம்புதான் அக்கா. எங்கம்மா கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் பெத்தது ஒண்ணுதான்டா எனக்குச் சந்தோஷம்" என்றார். கால்மாட்டில் தம்பி நின்றிருந்தான். ஒன்றரை வருஷம் மூத்திரப்பை மாற்றியவன் அவன். நான் சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்துபோனவன். திதிகூட இப்போது தனித்தனியாகத்தான் கொடுக்கிறோம்.

*

கொழிஞ்சாம்பாறை: ஐயோ தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா உங்களிடம் அவனைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாரே? அதைப் போய் அவனிடம் சொல்லுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் சிஸ்டரிடம் போய், பெரியப்பா வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். நோட்டைப் புரட்டிக் காட்டினார். என் பெயருக்கு நேரே மலையாளத்தில் 'மகள்' என்று இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.