திரிபுக் கொள்கை விசாரணை மன்றங்களின் நோக்கம் குறித்து விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். இடைக்காலக் கத்தோலிக்கத் திருச்சபை திரிபுக் கொள்கையை, அதாவது தன் போதனைக்கு மாறான நம்பிக்கையை, விசாரிக்கும் மன்றங்களை (Inquisition) எதற்காக நடத்தியது என்பது பற்றி, வரலாறும் இறையியலும் கற்ற நண்பர்களிடம் விளக்கம் வேண்டுகிறேன்.

தென் பிரான்சில் பரவியிருந்த கத்தார் (Cathar) என்னும் கிறித்தவப் பிரிவினரின் கொள்கையை ஒடுக்க, 1230களில் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி பெரும்பாலும் தொமினிக்கன் துறவியரை விசாரணையாளர்களாக நியமித்தார். வழிதவறிய ஆன்மாவை மீட்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. தவறை ஒப்புக்கொண்டோருக்குத் திருப்பயணம், ஆடையில் மஞ்சள் சிலுவை, சிறை எனப் பாவப்பரிகாரம் விதிக்கப்பட்டதும், மனம் மாற மறுத்தவர்களும் பழைய கொள்கைக்கே திரும்பியவர்களும் மட்டுமே மரண தண்டனைக்காக அரசிடம் ஒப்படைக்கப்பட்டதும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆனால், ஆன்மாவை மீட்கும் மன்றத்திற்குச் சித்திரவதை எதற்கு? 1252இல் திருத்தந்தை நான்காம் இன்னசென்ட் அதற்கு அனுமதி அளித்ததை என் மனம் ஏற்க மறுக்கிறது. மேலும், விசாரணையாளர் நிக்கொலாவ் எய்மரிக் 1376இல் எழுதிய விசாரணைக் கையேட்டுக்கு 1578இல் உரை எழுதிய ஃபிரான்சிஸ்கோ பெனியா, விசாரணையின் தலையாய நோக்கம் குற்றம் சாட்டப்பட்டவரின் ஆன்ம மீட்பு அன்று, பொது நன்மையும் பிறருக்கு அச்சமூட்டுவதுமே என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்.

இந்த மாற்றம் இடையில் நேர்ந்ததா, அல்லது அச்சமூட்டுவது தொடக்கத்திலிருந்தே நோக்கமாக இருந்ததா? குறிப்பாக, 14ஆம் நூற்றாண்டில் தென் பிரான்சின் பாமியே நகர ஆயராக இருந்து விசாரணைகளை நடத்திய ஜாக் ஃபூர்னியேயின் விசாரணைப் பதிவேட்டைப் படித்தவர்கள் இருந்தால், தங்கள் கருத்தையும், தமிழிலோ ஆங்கிலத்திலோ நம்பகமான நூல்களையும் பகிருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.