34 மாநிலங்கள் கேட்டால் கதவு திறக்கும், மூடுவது யார்?

கரிசல்காட்டான்: அமெரிக்க அரசமைப்பின் 5ஆம் பிரிவின்படி, 34 மாநிலச் சட்டமன்றங்கள் கேட்டால் திருத்தங்களை முன்மொழிய, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு மாநாட்டைக் கூட்டியே ஆக வேண்டும். இதுவரை வந்த 27 திருத்தங்களும் காங்கிரஸே முன்மொழிந்தவை. மாநாட்டு வழியையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பது என் வாதம். தன் பதவிக்காலத்துக்குத் தானே வரம்பு கட்ட எந்தக் காங்கிரஸ் உறுப்பினருக்கு மனம் வரும்?

ஒற்றைப்பனை: கூட்டிவிடலாம். மாநிலத்துக்கு ஒரு வாக்கா, மக்கள்தொகைப்படியா? பிரதிநிதிகளை அனுப்புவது யார்? 5ஆம் பிரிவு வாயே திறக்கவில்லை. 1787இல் பிலடெல்பியாவில் கூடியவர்களிடம் பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்தத்தான் சொன்னார்கள். வெள்ளையடிக்க வந்தவர்கள் வீட்டையே இடித்துக் கட்டிவிட்டார்கள். 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும் என்ற விதியையும் 9 போதும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

கரிசல்காட்டான்: அந்த வீட்டில்தானே ஐயா இன்றுவரை குடியிருக்கிறார்கள்! மாநாடு முன்மொழியத்தான் முடியும். 38 மாநிலங்கள் ஒப்பாமல் ஓர் எழுத்தும் மாறாது. தவறு செய்யும் காங்கிரஸிடமே போய்த் திருத்தம் கேட்டு நிற்பதா என்று அந்தப் பிலடெல்பியா மாநாட்டில் இருந்த ஜார்ஜ் மேசன் அன்றே வாதாடியதால்தான் இந்த வழி பிறந்தது.

தாழ்வாரம்: குறுக்கிடுகிறேன். மாநாடு கூடாமலே பலன் கிடைத்ததுண்டு. காங்கிரஸின் மேலவை உறுப்பினர்களான செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கு மாநாடு கூட்டு என்று மாநிலங்கள் மனுவுக்கு மேல் மனு அனுப்பின. எண்ணிக்கை நெருங்கியதும் காங்கிரஸ் தானே முந்திக்கொண்டது. 1913இல் 17ஆம் திருத்தம் நிறைவேறியது. பூச்சாண்டி பெட்டிக்குள் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

ஒற்றைப்பனை: எல்லா முறையும் பலிக்காது. மத்திய அரசு வரவுக்குள் செலவு செய்யும் திருத்தம் கோரி 1983க்குள் 32 மாநிலங்கள் மாநாடு கேட்டன. இன்னும் இரண்டே பாக்கி! பிறகு பல மாநிலங்கள் மனுவைத் திரும்பப் பெற்றன. அப்படிப் பெறலாமா, பழைய மனு எத்தனை காலம் செல்லும் என்பதற்கும் விதி இல்லை.

கரிசல்காட்டான்: பழையதானால் என்ன? 1789இல் முன்மொழிந்த 27ஆம் திருத்தம் 1992இல் நிறைவேறவில்லையா?

ஒற்றைப்பனை: அது ஒப்புதல், நான் கேட்பது மனு. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

கரிசல்காட்டான்: சரி, அதை விட்டுக்கொடுக்கிறேன். முதலில் விதியை எழுதிவிட்டுப் பிறகு கூட்டட்டும். ஆனால் அந்த விதியையும் காங்கிரஸே எழுதட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஒற்றைப்பனை: வேறு யாரை வைத்திருக்கிறீர்கள்?